முதுமையில் தனிமை, மீண்டும் துளிர்க்கும் அன்பு: முதல்முறை யோசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

துணையை இழந்து சில வருஷங்கள் ஆகியிருக்கலாம். மணமுறிவுக்குப் பிறகு தனியாகவே காலம் ஓடியிருக்கலாம். கல்யாணமே செய்துகொள்ளாமல் வேலை, பெற்றோர், பொறுப்பு என்று இருந்துவிட்டு, எல்லாம் ஓய்ந்தபின் வீடு பெரிதாகத் தெரியலாம். இப்படி ஒரு நேரத்தில் ஒருவர் மேல் மனம் போகிறது. அல்லது சின்ன வயதில் நேசித்த ஒருவரின் பெயர் திடீரென்று போனில் கண்ணில் படுகிறது. "இந்த வயசில் இதெல்லாம் தேவையா?" என்ற கேள்வி உடனே எழும். ஊர் கேட்பதற்கு முன் நாமே கேட்டுவிடுவோம்.

தேவைதான். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். அறுபதிலோ எழுபதிலோ அன்பைத் தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தனிமையைத் தனியாகக் கவனிக்க வேண்டும், அன்பு அதற்கு அப்புறம். இந்த வரிசை மாறினால், கிடைத்த முதல் கையைப் பிடித்துக்கொண்டு, அது யாருடைய கை என்று பார்க்காமல் போய்விடுவோம். கீழே சொல்லியிருப்பதையும் அந்த வரிசையிலேயே படியுங்கள்.

1. எந்தத் தனிமை என்று பாருங்கள்

ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். பழக ஆட்கள் போதவில்லை என்பது ஒன்று. கூட்டாளிகள், அக்கம்பக்கம், அரட்டை எதுவும் இல்லாத வெறுமை அது. நமக்கே நமக்கு என்று ஒருவர் இல்லையே என்பது இன்னொன்று. ஒன்றை வைத்து மற்றதை நிரப்ப முடியாது என்றார் அவர். பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் சூழ இருக்கும் ஒருவருக்கு ஏன் மனசு வெறிச்சென்று இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் புரியாது. அவருக்குக் குறைவது இரண்டாவது வகை. அதேபோல, உயிராக நேசிக்கும் துணை பக்கத்தில் இருந்தும், வெளியில் பேச ஒரு நண்பர்கூட இல்லாமல் தவிப்பவர்கள் உண்டு.

உங்களுக்கு எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். இன்று எந்த நேரத்தில் தனிமை உறைத்தது? அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? யார் கூட இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் விஷயம். "யாராவது இருந்தால் போதும்" என்று பல நாள் எழுதியிருந்தால், உங்களுக்கு இப்போது தேவை கூட்டம், காதல் இல்லை. இறந்துபோனவரின் பெயரே திரும்பத் திரும்ப வந்தால், துக்கம் இன்னும் ஆறவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "என்ன சொன்னார்?" என்று கேட்க உள்ளே ஒரு குரல் இல்லையே என்று எழுதியிருக்கிறீர்களா? அந்த இடத்தில்தான் ஒரு துணைக்கான தேவை இருக்கிறது.

இதில் உடம்பையும் மறந்துவிடக் கூடாது. காது மந்தமானவர்கள் கூட்டத்தில் பேச்சைப் பிடிக்க முடியாமல், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போவதையே நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் "எனக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும்" என்பார்கள். மறதி நோய்க்கான அபாயங்களை ஆராய, லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமை, மற்றவர்களிடமிருந்து ஒதுங்கி வாழ்வது இரண்டும் அதில் இருக்கின்றன. ஆகவே காதைச் சோதித்துக்கொள்வதும், தேவைப்பட்டால் கருவி மாட்டிக்கொள்வதும் இந்தப் பாதையில் ஒரு படிதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, "ஏன் இருக்கிறோம்" என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள். அதற்கு சிகிச்சை இருக்கிறது. புது உறவு எதுவும் அந்த சிகிச்சைக்கு மாற்றாகாது.

இது உங்கள் ஒருவருடைய குறை என்றும் நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை இருக்கிறது. இளைஞர்களிடம் அது இன்னும் அதிகம்.

2. காதலுக்கு முன் நாலு பேர்

நோட்டில் என்ன பதில் வந்திருந்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். காரணம் இருக்கிறது. பேச வேறு ஆளே இல்லாதவர், புதிதாக வந்த ஒருவர் மேல் தன் முழு பாரத்தையும் இறக்கிவைத்துவிடுவார். அவர் ஒரு நாள் போன் எடுக்காவிட்டால் உலகமே இருண்டுவிடும். வந்தவர் தப்பானவர் என்று தெரிந்தாலும் விட மனம் வராது. நாலு நண்பர்கள் இருப்பவருக்கு "இது வேண்டாம்" என்று சொல்லும் தெம்பு இருக்கும்.

இந்த வயதில் நண்பர்கள் எப்படிக் கிடைப்பார்கள்? நேரம்தான் நட்பை உண்டாக்குகிறது. ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், புது ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் கவனித்து 2018இல் ஒரு கணக்கு சொன்னார். சும்மா பழக்கம் என்ற நிலைக்கு வர சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கும் மேல். அவர் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நம்மைவிட இளையவர்கள். ஆனாலும் இதிலிருந்து நமக்கு ஒன்று தெளிவாகிறது: ஒரு முறை விழாவுக்குப் போய் நாற்பது பேரிடம் கை குலுக்குவதால் பயனில்லை. அதே ஆட்களை, அதே நாளில், அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அதனால் வாரம் ஒரு முறையாவது கூடுகிற ஏதாவது ஒன்றில் சேருங்கள். நடைப்பயிற்சிக் குழு, பாட்டு வகுப்பு, நூலகத்தில் வாசிப்பு வட்டம், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, எதுவானாலும் சரி. என்னைக் கேட்டால், கையில் ஒரு வேலை இருக்கிற கூட்டம்தான் நல்லது. சும்மா உட்கார்ந்து பேச வேண்டிய இடத்தில் கூச்சப்படுபவர்கள், ஒரு செடியை நடும்போதோ நாற்காலியை அடுக்கும்போதோ தானாகப் பேசிவிடுவார்கள். முதல் மூன்று நாலு முறை சப்பென்றுதான் இருக்கும். யாரும் உங்களைக் கவனிக்காததுபோல இருக்கும். இரண்டாவது மாதத்தில் ஒருவர் "போன வாரம் வரலையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். அதுவரை விடாதீர்கள்.

3. போனவருக்கு துரோகம் செய்கிறோமா?

துணையை இழந்தவர்கள் பலரும் நின்றுவிடும் இடம் இது. எத்தனை மாதம் கழிந்தால் இன்னொருவரை நினைக்கலாம் என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு கணக்கு கிடையாது. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கப்படுபவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார். ஒரு நேரம் இழப்பிலேயே மூழ்கிக் கிடப்பார். இன்னொரு நேரம் பில் கட்டுவார், புது வேலை கற்றுக்கொள்வார், சிரிக்கவும் செய்வார். இந்தப் போக்குவரத்து இருந்தால் துக்கம் ஆரோக்கியமாக நடக்கிறது என்று அர்த்தம். ஆக, காலையில் அழுதவர் மாலையில் ஒருவரைச் சந்திக்க ஆசைப்படுவதில் முரண் ஏதும் இல்லை.

போனவர் மேலுள்ள பாசத்தைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவர் மேல் பாசம் வைக்க வேண்டும் என்றும் இல்லை. சுவரில் இருக்கும் படம் அங்கேயே இருக்கட்டும். புதிதாக வருபவர் அந்தப் படத்தைப் பார்த்து "இவங்களைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று கேட்டால், நீங்கள் நல்ல ஆளைச் சந்தித்திருக்கிறீர்கள். "இதை இன்னும் ஏன் வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புதியவரிடம் பேசும்போதெல்லாம் "அவர் இப்படிச் செய்ய மாட்டார்" என்று மனசுக்குள் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால், இன்னும் கொஞ்ச காலம் பொறுங்கள்.

4. பழைய பெயரைத் தேடும் முன்

முதுமையில் மறுபடி துளிர்க்கும் அன்பில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது என்று சொல்லும் அளவுக்கு இப்போது இது எளிது. ஃபேஸ்புக்கில் ஒரு பெயரைத் தட்டினால் போதும். பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால், மறந்துபோன முகங்கள் ஒரே நாளில் வந்து நிற்கின்றன.

பழைய காதலுக்கு ஏன் இவ்வளவு வலு? வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் மற்ற காலத்தைவிட அதிகமாக வருகின்றன என்பது உளவியலில் பலமுறை உறுதியான விஷயம். முதல் காதல் அந்தக் காலத்துக்குள் விழுகிறது. அதனால்தான் ஐம்பது வருஷத்துக்கு முன் அவர் போட்டிருந்த சட்டையின் நிறம் நினைவில் நிற்கிறது, போன மாதம் பார்த்தவர் நிற்பதில்லை. நினைவு பளிச்சென்று இருப்பதாலேயே அந்த ஆளை நமக்கு இன்னும் தெரியும் என்று தோன்றிவிடுகிறது. நமக்குத் தெரிந்தது இருபது வயதுக்காரரை. இப்போது இருப்பவரை நாம் சந்தித்ததே இல்லை.

பழைய காதலர்கள் மறுபடி சேர்வதை அமெரிக்க உளவியலாளர் நான்சி காலிஷ் 1990களில் ஆராயத் தொடங்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவருடைய கேள்விகளுக்கு பதில் எழுதினார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் அப்போதும் சேர்ந்தே இருந்தார்கள். நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் பதில் எழுத முன்வந்தவர்களில் சந்தோஷமாக இருந்தவர்கள் அதிகமாக இருந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இணையம் பரவிய பிறகு நிலைமை மாறியதையும் அவரே பார்த்தார். ஏற்கெனவே கல்யாணமானவர்கள் "சும்மா எப்படி இருக்கிறார் என்று பார்க்கலாம்" என்று தேடி, இரண்டு குடும்பங்கள் உடைந்த கதைகள் அவரிடம் நிறைய வந்தன. அதன்பின் அவர் எச்சரிக்கத் தொடங்கினார்.

நானும் இதில் கண்டிப்பாகத்தான் சொல்வேன். உங்களுக்கோ அவருக்கோ இப்போது துணை இருந்தால் தேடாதீர்கள். சும்மா பார்க்கலாம் என்று எதுவும் இல்லை. பழைய பாசம் அவ்வளவு சாதுவானதல்ல.

இருவரும் தனியாக இருந்தால், இன்னும் ஒன்றே ஒன்றை யோசியுங்கள்: அன்று ஏன் பிரிந்தோம்? படிப்பு, வேலை, தூரம், பெற்றோரின் எதிர்ப்பு, வயசுக்குரிய பயம், இவையெல்லாம் காலத்தோடு போய்விட்ட காரணங்கள். அடித்தார், பொய் சொன்னார், பணத்தை அழித்தார், நம்மைத் தாழ்வாக நடத்தினார் என்பவை போகாத காரணங்கள். அப்படிப்பட்டவரை இன்றைய தனிமை இனிமையாகக் காட்டும். அந்தக் காலத்தில் உங்களுடன் இருந்த தோழியையோ அண்ணனையோ கேளுங்கள். நீங்கள் மறந்ததை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

5. முதல் செய்தி

சுருக்கமாக எழுதுங்கள். பதில் போடாமல் இருந்தாலும் அவருக்குச் சங்கடம் வராதபடி எழுதுங்கள். இப்படி:

"வணக்கம். கல்லூரியில் உங்களோடு படித்தேன், பெயர் பார்த்தால் நினைவு வரும் என்று நினைக்கிறேன். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. நான் இப்போது தனியாக இருக்கிறேன், ஓய்வு பெற்று சில வருஷம் ஆகிறது. பேச விருப்பம் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நன்றாக இருங்கள்."

இதில் என்ன இல்லை என்று கவனியுங்கள். "உங்களை ஒரு நாளும் மறக்கவில்லை" என்பது இல்லை. அன்று நடந்ததற்கு விளக்கம் இல்லை, மன்னிப்பும் இல்லை, பழைய படமும் இல்லை. அதெல்லாம் பாரம். திறந்து படிப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. மருத்துவமனையில் யாருக்கோ துணையாக உட்கார்ந்திருக்கலாம், பக்கத்தில் மகள் இருக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பாதீர்கள். எழுதிவிட்டு ஒரு இரவு வைத்திருந்து, பகலில் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் அதுவே பதில். இன்னொருவர் மூலம் விசாரிப்பது, வேறு எண்ணிலிருந்து முயல்வது, வீட்டுப் பக்கம் போய் நிற்பது எதுவும் கூடாது.

6. முதல் சந்திப்பும் அடுத்த சில மாதங்களும்

முதலில் போனில் பேசுங்கள், பிறகு வீடியோவில், அதன்பின் நேரில். சந்திக்கும் இடம் வெளிச்சமாக, சத்தம் குறைவாக, மற்றவர்கள் நடமாடும் இடமாக இருக்கட்டும். காதுக்கருவி மாட்டியிருப்பவர் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பின்னாலிருந்து வரும் இரைச்சல் குறையும். எதிரே இருப்பவரின் உதடும் தெரியும். பகல் நேரம் நல்லது. ஒன்றரை மணி நேரம் போதும். இன்னும் பேச ஆசை இருக்கும்போதே கிளம்புங்கள்.

பழைய கதைகள் தானாக வரும், வரட்டும். ஆனால் இரண்டாவது, மூன்றாவது சந்திப்பிலும் அதே கதைகள்தான் என்றால் கவனம் தேவை. நடுவில் போன நாற்பது வருஷங்களைக் கேளுங்கள். எது உடைந்தது, எதைக் கற்றுக்கொண்டார், எதற்குப் பயப்படுகிறார், காலையில் எப்போது எழுகிறார், யாரோடு பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை. "நீ கொஞ்சம்கூட மாறவே இல்லை" என்று அவர் சொன்னால் காதுக்கு இனிமையாக இருக்கும். சிரித்துக்கொண்டே "நிறைய மாறிட்டேன், சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுங்கள். அவர் கேட்கத் தயாராக இருக்கிறாரா என்பது அப்போதே தெரிந்துவிடும். பணியாளரிடம் எப்படிப் பேசுகிறார், முன்னாள் துணையைப் பற்றி எந்தத் தொனியில் பேசுகிறார், நீங்கள் "முடியாது" என்று ஒரு சின்ன விஷயத்துக்குச் சொன்னால் முகம் எப்படிப் போகிறது, இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரம் வரும். "நமக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு" என்று இருவரில் ஒருவர் சொல்வார். உண்மைதான். அந்த நேரம் வீணாகாமல் இருக்கவே, வீடு மாறுவது, சொத்து எழுதுவது, கல்யாணம் போன்ற பெரிய முடிவுகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒருவர் நோயில் படுத்த ஒரு வாரம், ஒரு சண்டை, ஒரு குடும்ப விசேஷம், இந்த மூன்றையும் சேர்ந்து கடந்த பிறகு முடிவெடுத்தால் நல்லது.

7. பணம் என்று பேச்சு வந்தால்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். அன்பைக் காட்டி ஏமாற்றுவது உலகம் முழுக்க நடக்கும் தொழில். அமெரிக்காவில் மட்டும் 2022இல் ஏறக்குறைய 70,000 பேர் இப்படி ஏமாந்ததாகப் புகார் கொடுத்தார்கள். அவர்கள் இழந்த தொகை 130 கோடி டாலர். வெட்கத்தால் புகார் கொடுக்காதவர்கள் இதில் சேரவில்லை. ஏமாந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. படித்தவர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள், ஒரு குடும்பத்தையே கட்டிக் காத்தவர்கள். தனிமையில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அடையாளம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். சீக்கிரமே உயிருக்குயிராகப் பேசுவார். வெளிநாட்டில், கப்பலில், ராணுவத்தில், எண்ணெய்க் கிணற்றில் வேலை என்பார். வீடியோவில் வர ஏதாவது தடை சொல்வார். நேரில் வருவதாகச் சொன்ன நாளில் விபத்து நடக்கும், பார்சல் சுங்கத்தில் மாட்டும், மருத்துவச் செலவு வரும். இப்போது கிரிப்டோ என்ற இணையப் பணத்தில் முதலீடு செய்ய சொல்லிக்கொடுப்பதும் சேர்ந்துவிட்டது. "நம்ம விஷயம் வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்" என்பதை எல்லோரும் சொல்வார்கள்.

பழைய நண்பர் என்ற பெயரில் வந்தாலும் இதே கவனம் வேண்டும். ஒருவருடைய படத்தையும் பெயரையும் எடுத்து போலிக் கணக்கு தொடங்க சில நிமிடம் போதும். உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த, இணையத்தில் எங்கும் இல்லாத ஒன்றைக் கேளுங்கள். வீடியோவில் பேசுங்கள். ஆனால் இப்போது முகத்தையும் குரலையும்கூடப் போலியாக உண்டாக்க முடிகிறது என்பதால் வீடியோவை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். நேரில் பார்த்துப் பழகி, அவர் வீட்டு மனிதர்களையும் தெரிந்துகொள்ளும் வரை ஒரு ரூபாயும் கிடையாது என்று உங்களுக்கு நீங்களே விதி வைத்துக்கொள்ளுங்கள். கடன் என்று கேட்டாலும் அதே விதிதான். உண்மையான அன்புள்ளவர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? பேச்சை நிறுத்துங்கள். வங்கிக்கு உடனே சொல்லுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள். அப்புறம் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று ஒருவர் கூப்பிடுவார். அதுவும் ஏமாற்று வேலைதான், அதே கும்பலாகவும் இருக்கலாம்.

8. உடம்பைப் பற்றி வெளிப்படையாக

முதுமையில் உடல் நெருக்கம் இருக்காது என்பது கற்பனை. அமெரிக்காவில் 57 முதல் 85 வயது வரையுள்ள 3,005 பேரிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. 57 முதல் 64 வயதில் 73 சதவீதம் பேரும், 65 முதல் 74 வயதில் 53 சதவீதம் பேரும், அதற்கு மேல் 26 சதவீதம் பேரும் முந்தைய ஒரு வருஷத்தில் உடலுறவோ அதுபோன்ற உடல் நெருக்கமோ இருந்ததாகச் சொன்னார்கள். இல்லாதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றும் அதே எண்கள் சொல்கின்றன. இரண்டுமே இயல்புதான். கை கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் போதும் என்று இருவருக்கும் தோன்றினால் அதுவே முழுமையான உறவு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் வயாகரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வறட்சியும் வலியும் வருவது சகஜம். உராய்வைக் குறைக்கும் களிம்புகளும் மருத்துவ வழிகளும் இருக்கின்றன, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. கர்ப்பம் தரிக்கும் வயது தாண்டிவிட்டது என்பதற்காக ஆணுறை வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பால்வினை நோய்களுக்கு வயது தெரியாது. இருவரும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்வது மரியாதையான செயல்.

9. பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது

பக்கத்து வீட்டார் மூலம் தெரிவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் இரண்டு முறை சந்தித்ததற்கெல்லாம் அறிவிப்பு வேண்டாம், உறவு நிலைபெற்றது என்று உங்களுக்கே உறுதியானதும் சொன்னால் போதும். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்வதைவிட ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் ஒருவர் கோபப்பட்டால் மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

அனுமதி கேட்கும் தொனியில் ஆரம்பிக்காதீர்கள். "உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நான் ஒருத்தரோட பழகிட்டு இருக்கேன். எனக்கு சந்தோஷமா இருக்கு. உனக்கு என்ன தோணுதுன்னு மெதுவா யோசிச்சுச் சொல்லு." இவ்வளவுதான். அன்றே பதில் எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகள் கோபப்படும்போது பெரும்பாலும் அதற்குள் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று துக்கம்: உங்களுக்குத் துணை போனது, அவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ போனது. அந்த இடம் நிரப்பப்படுகிறதோ என்று வலிக்கிறது. இன்னொன்று சொத்து. இதைப் பேசக் கூச்சப்பட்டு, வேறு எதையோ காரணமாகச் சொல்வார்கள். நீங்களே எடுத்துப் பேசி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று தெளிவாகச் சொன்னால் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

அவர்கள் ஏமாற்று வேலையோ என்று சந்தேகப்பட்டால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிமுகம் செய்துவையுங்கள். மறைக்க ஒன்றுமில்லாதவர் வந்து உட்கார்ந்து பேசுவார்.

10. எப்படி வாழ்வது என்று முடிவு செய்யும்போது

கல்யாணம் செய்துகொள்ளலாம், செய்யாமல் ஒரே வீட்டில் இருக்கலாம், அவரவர் வீட்டில் இருந்துகொண்டே துணையாக வாழலாம். மூன்றாவது வழியை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. ஐம்பது வருஷம் தனக்கென்று ஒரு ஒழுங்கில் வாழ்ந்த இருவருக்கு, வாரத்தில் சில நாள் சேர்ந்திருந்து மற்ற நாள் தங்கள் வீட்டில் இருப்பது பெரிய நிம்மதி. தினமும் சமைப்பதும் கவனிப்பதும் மறுபடி தன் தலையில் விழுமோ என்று பயப்படும் பெண்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். அந்தப் பயம் நியாயமானது. வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பல ஓய்வூதியத் திட்டங்களில், இறந்த துணைக்காக வரும் குடும்ப ஓய்வூதியம் மறுமணம் செய்தால் நின்றுவிடும். சில நாடுகளில் கல்யாணம் செய்த அந்த நாளே பழைய உயில் செல்லாமல் போய்விடும். கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தால், ஒருவர் இறந்தபின் மற்றவருக்கு அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க உரிமை இல்லாமல் போகலாம். எதிர்பாராமல் மயங்கி விழுந்தால் மருத்துவமனையில் யார் முடிவெடுப்பது என்பதையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால், பத்து வருஷம் பக்கத்தில் இருந்தவர் "நீங்க யாரு?" என்ற கேள்விக்கு பதில் சொல்ல முடியாமல் வராந்தாவில் நிற்க நேரும்.

பராமரிப்பைப் பற்றிப் பேசுவது எல்லாவற்றையும்விடக் கஷ்டம், அதனால்தான் தள்ளிப்போடுகிறோம். நான் படுத்துவிட்டால் நீ எவ்வளவு தூரம் பார்த்துக்கொள்வாய்? எந்த நிலையில் ஆள் வைக்க வேண்டும்? செலவு யாருடையது? உன் பிள்ளைகள் என்ன செய்வார்கள், என் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இருவரும் ஆரோக்கியமாக இருக்கும் ஒரு மதியத்தில் இதைப் பேசிவிடுங்கள். ஒருவர் "எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை" என்று சொன்னால் அதில் அன்பு குறையவில்லை. உண்மையைச் சொல்கிறார். அதை வைத்துத் திட்டம் போடலாம். சொல்லாமல் விட்டதை வைத்து எந்தத் திட்டமும் போட முடியாது.

ஒத்துவராவிட்டால்

சில உறவுகள் நாலு மாதத்தில் முடியும். பழைய காதலர்களுக்கு இது கூடுதலாக வலிக்கும். இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்த நினைவும் சேர்ந்து கலங்கிவிடும். முதல் முறை பிரிந்தபோது தாங்காமல் போன அதே வலி திரும்புவதுபோலத் தோன்றும். அந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்து பழைய செய்திகளைத் திரும்பத் திரும்பப் படிக்காதீர்கள். இரண்டாவது படியில் சேர்த்த அந்த நாலு பேரில் ஒருவரைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லுங்கள். உறவு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் மாதங்களிலும் அந்த வாரக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்த வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். புதுத் துணைக்கு அந்த நாள் பிடிக்கவில்லை என்றால், அவரையும் ஒரு முறை அழைத்துப் போங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.